சாப்பிட்டேன்மா

கல்யாணப் பத்திரிகை வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கையோடு திரும்பிவந்தார். "கடை சாத்திக்கினு இருக்குதுபா. தனசேகருக்கு மாரடைப்பாம், போய்ட்டாரு" என்றார்.

பிள்ளையார்பாளையத்தில் தனசேகருடைய டி.டி.பி. கடைக்குப் போய்வந்த உங்களுக்கு அவருடைய இடது காது கேட்காது என்று தெரியும். காய்ச்சலில் போனதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அது எல்லையில் குண்டு வெடித்ததில் போன காது. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர்.

இளையோருக்காக நான் எழுதிய போர் நாவலை அவரிடம்தான் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். என் நாயகன் கதிர், பத்தொன்பது வயதுச் சிப்பாய், எதிரியின் கண்ணை உற்றுப் பார்த்துச் சுடுவான். அதை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டிருந்தேன். தனசேகர் சிரித்தார்.

"நான் ஒரு எதிரி மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல சார். மேல ட்ரோன் சுத்திக்கினு இருக்கும். அந்தச் சத்தம் நின்னாலும் பயம், நிக்கலன்னாலும் பயம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வாரம் கடைப் பக்கமே போகவில்லை. பிறகு அந்த அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு, அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கதிருக்கும் இடது காது போனது.

இன்னொரு இடத்தில் என்னைக் கேட்காமலே கை வைத்தார். குண்டுவீச்சு ஓய்ந்ததும் கதிர் அம்மாவிடம் போனில் அழுது தீர்ப்பதாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பிழை பார்க்க அவர் அச்செடுத்துத் தந்த மெய்ப்பில் அந்த இடத்தில் ஒரே சொல்தான் இருந்தது: "சாப்பிட்டேன்மா." சண்டைக்குப் போனேன்.

"சாப்ட்டியான்னுதான் சார் அம்மா கேக்கும். வேற இன்னா சொல்ல முடியும்?"

முன்னுரையில் அவருக்கு நன்றி எழுதியபோது கெஞ்சினார். "என் பேரு வேணாம் சார். அம்மா படிச்சா காது எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சிடும்." எடுத்துவிட்டேன். பாதிப் புத்தகம் அவருடையது. பாராட்டை முழுசாக நான் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

காரியம் முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா உள்ளே போய் என் நாவலை எடுத்துவந்தார். கதிர் போனில் பேசும் பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது.

"இது அவன் சொன்னதுதானே?"

தலையசைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்பா. சாப்ட்ட புள்ள இன்னா சாப்ட்டேன்னு சொல்லும். இவன் போன்ல ஒரு நாளும் அத சொன்னதில்ல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கஷ்டப்படுவான்னு நானும் கேட்டுக்கல. அடுத்த தபா அவன் பேரப் போடுபா."

அந்த மெய்ப்புத்தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல். அடுத்த பதிப்பின் முதல் பக்கத்தில் தனசேகர் பெயர் வரும். அதைத் தட்டச்சு செய்ய வேறு கடைதான் தேட வேண்டும்.