கீழ்வீட்டுக்குக் கேட்ட கரண்டிச் சத்தம்

மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே, எழுபதைத் தாண்டிய பாலக்காட்டுத் தம்பதி இருந்தார்கள். சண்டை வந்தால் மாமி பேசமாட்டார். டம்ளரைத் தரையில் தட்டினால் காபி தயார், உருளிப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினால் சாப்பாடு தயார். "செவி கேக்கும்டீ எனக்கு!" என்று முனகிக்கொண்டே மாமா வருவார். எங்கள் தளம் மரப்பலகை; எல்லாம் மேலே கேட்கும். நானும் கணவரும் சிரித்துக்கொள்வோம்.

அந்த மழைக்காலத்தில் மாமி இறந்துபோனார்.

சில வாரங்களில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. களமசேரித் தொழிற்சாலையில் எனக்கு வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. அவர் வேண்டாம் என்றார், நான் சேர்ந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஞாயிறு மதியம் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கூப்பிட மனமில்லாமல், பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினேன்.

கீழிருந்து குரல் வந்தது. "வந்தாச்சுடீ. கோபம் இன்னும் போகலையாக்கும்?"

காலடிகள் சமையலறைவரை நடந்தன. மணை போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கணவர் வெளிறிய முகத்தோடு வந்து நின்றார். "ஏன் தட்டினே? வாய் இல்லையா?"

"உங்களுக்கு இருந்துதா?"

"சரி, நீ போய் மாமாகிட்ட சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டேன். இருவரும் இறங்கினோம்.

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். வெறும் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "இப்பவும் பேசமாட்டேங்கறா, பாத்தேளா."

மாடிப்படி ஏறும்போது என் கணவர் என் வேலையைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார், நிறுத்தப் பயந்தவர்போல. நானும் விடாமல் பதில் சொன்னேன்.