காசியம்மாள் குனியும் இடம்

பெண்கள் கொட்டடிக்குள் நுழைந்து மூன்றாவது எட்டு வைத்ததும் காசியம்மாள் தலையைக் குனிந்துகொள்வாள். அங்கே உத்தரமும் இல்லை, கொடிக்கயிறும் இல்லை. கையில் சோற்றுத் தட்டு இருந்தாலும் சரி, சாவிக்கொத்து இருந்தாலும் சரி, எதுவோ அறுந்துவிடக் கூடாது என்பதுபோல் வளைந்து கடந்து, அப்புறம்தான் நிமிர்வாள்.

ஆரணிப் பக்கத்துக் கிளைச்சிறை ஒன்றில் பதினோரு வருஷமாகப் பெண் வார்டர். வாயில் எந்நேரமும் கிராம்பு. கேட்டால் பல்வலி என்பாள். கைகள் முந்தானைக்குள்தான் இருக்கும். பூட்டைத் திறக்க மட்டும் வெளியே வரும், அதுவும் பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மதுவிலக்குக் காலம். கொட்டடியில் பாதிப்பேர் மேல் சாராய வழக்கு. காய்ச்சுகிறவள் நாக்கில் விட்டுத்தான் பதம் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் பதம் பார்த்த நாக்கு, ஜெயிலுக்கு வந்த இரண்டாம் நாள் கேட்க ஆரம்பிக்கும். உடம்பு உதறும்.

திங்கட்கிழமை டாக்டர் வருவார். குடியை மறக்க ஊசி, மாத்திரை. ஆண்கள் வரிசை வேப்பமரம் வரை நீளும். "எம் பொண்டாட்டி பங்கையும் எனக்கே குத்திடுங்க சார்!" என்று கைதி சின்னதுரை கத்துவான். வரிசையே சிரிக்கும். அது முடிந்ததும் கம்பவுண்டர் பலராமன் நோட்டோடு பெண்கள் பக்கம் வருவார்.

"பொம்பளைங்க யார்னா உண்டாம்மா?"

"இல்லீங்க."

இரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஆண் உதறினால் குடி. பெண் உதறினால் காத்துக் கருப்பு. கூட இருக்கிறவளுகளே வேப்பிலை அடித்து, திருநீறு பூசி, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

முந்தின ஆடியில் சாராய வழக்கில் வந்த காத்தாயி அப்படித்தான் உட்கார்ந்தாள். பட்டு நெய்த கை. பிறகு எழுந்து வந்து, காற்றில் அறுந்த இழைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே நின்றாள். மறுநாள் வலிப்பு வந்து செத்துப்போனாள். காய்ச்சல் என்று எழுதினார்கள். அவள் முடிச்சுப் போட்ட உயரத்தில்தான் காசியம்மாள் குனிகிறாள்.

முள்ளிப்பட்டு அம்மணி சாராய வழக்கில் உள்ளே வந்து இரண்டு நாளாகியிருந்தது. காத்தாயியை அவள் கண்டதில்லை, கேட்டதுமில்லை. அன்று ஞாயிறு, அமாவாசை. மதிலுக்கு அப்பால் தறிகள் ஓய்ந்து, மத்தியானமே ஊமையாகிவிட்டது. அம்மணி எழுந்து வந்து அதே இடத்தில் நின்றாள். அதே உயரத்துக்குக் கையைத் தூக்கி எதையோ பிடித்தாள். விரலில் எச்சில் தொட்டு முறுக்கினாள்.

"யாரோ பாதியில உட்டுட்டுப் போயிகீறாங்கக்கா. எம்மா இழை!"

காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு டாக்டராண்ட சொல்லிடு அம்மணி."

"இன்னான்னு? குடிகாரின்னா? அத்த எழுதிட்டா எம் பொண்ண எவன் கட்டுவான்? இது காத்துக்கா. உள்ள பூந்துகினு பேஜார் பண்ணுது. தானா பூடும்."

"இதே எடத்துல ஒருத்தி இப்பிடித்தான் சொல்லிகினு இருந்தா. வந்த நாலாம் நாளு பொணமாத்தான் போனா."

அம்மணி இழையை விடாமல் திரும்பிப் பார்த்தாள். "நீ கிராம்ப அடக்கிகினா எனுக்கு வாசன தெரியாதா? நீ எழுதிகினியா உம் பேர?"

காசியம்மாள் கிராம்பைக் கடைவாய்க்குத் தள்ளினாள். புருஷன் செத்த வருஷம் தொட்ட குடி. தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

மறுநாள் பலராமன் கொட்டடிக் கம்பிக்கு வெளியே வந்து நின்றார். நோட்டைப் பிரித்தார். பேனா அதற்குள் கோடு இழுக்கத் தயாராக இருந்தது.

"யார்னா உண்டாம்மா? ஜல்தி சொல்லுங்க."

உள்ளே நின்ற காசியம்மாளின் முந்தானையைப் பின்னாலிருந்து அம்மணி இழுத்தாள். "வேணாங்கா..."

"உண்டுங்க" என்றாள் காசியம்மாள். "மொதல்ல எம் பேர எழுதுங்க."

பலராமன் சிரிக்கப் போனார். அவள் முந்தானைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். விரல்கள் உதறிய உதறலில் கம்பி கிணுகிணுத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பின்னால் முந்தானை தளர்ந்தது. அவள் தோளை உரசிக்கொண்டு இன்னொரு கை வெளியே வந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ விடாமல் முறுக்கியபடியே.