மச்சாள் நேர்ஸ் படிப்புக்குப் போன வழி

மச்சாள் திருகோணமலைப் பாலையூற்றில் பிறந்தார். அவருடைய தகப்பன் என் அம்மாவின் தம்பி. எனக்கு மாமா. துறைமுகத்தில் கூலி வேலை செய்தவர். தாய், மச்சாளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது காலமானார். பிறகு என் அம்மாதான் வளர்த்தார். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வளவு. மச்சாள் எனக்கு மனைவியானது பிற்காலத்தில். கலியாணத்துக்கு முன்னும் பின்னும் மச்சாள் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படித்தான் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிள்ளைகள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னபடியால் எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த அன்று பள்ளிக்கூடத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். மச்சாள் இரண்டு தரம் வரிசையில் நின்று வாங்கினார். ஒன்று எனக்கு என்று ரீச்சரிடம் சொல்லியிருக்கிறார். வரும் வழியில் அதையும் சாப்பிட்டுவிட்டார். நான் அப்போது கடலுக்கு அக்கரை மூதூருக்குச் சனம் ஏற்றிப் போய்வரும் லாஞ்சில் கயிறு கட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

மச்சாள் பெரியபிள்ளையானபோது சடங்கு வைத்தார்கள். ஊர் முழுக்க வந்தது. அம்மா அவர் விரலில் ஒரு மோதிரம் போட்டு, "இவ என்ர வீட்டு மருமகள்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் அது அரைக் கலியாணம். முன்வரிசைக் கதிரையில் ஊருக்கு அரசாங்கம் வைத்த தலைமைக்காரர், விதானையார், இருந்தார். மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு வந்த கரைச்சல் எல்லாம் அதனால்தான்.

மச்சாள் நன்றாகப் படித்தார். சோதனை பாஸ் பண்ணினார். நேர்ஸ் வேலைக்குப் படிக்க வேண்டும் என்றார். வழி மூன்று இருந்தது.

இங்கிலாந்துக்குக் கப்பலில் போகலாம் என்று துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னா. கப்பல் காசு ஆர் தருவது என்று அவ சொல்லவில்லை.

மதராசில் ஒரு தனியார் ஆசுப்பத்திரியில் படிக்கலாம் என்று டவுனில் ஒரு தரகர் சொன்னார். அதற்கு மச்சாளின் சீதனக் காணியை விற்க வேண்டும். மாமாவுக்கு அதுதான் பிடித்தது. "காசு குடுத்துப் படிச்சாத்தான் படிப்பு. சும்மா தாறது என்ன படிப்பு?" என்றார்.

மூன்றாவது வழி அரசாங்கப் பயிற்சி. கொழும்பில். சாப்பாடு, கட்டில், உடுப்பு எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். கைச்செலவுக்கும் ஏதோ கொடுப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை கலியாணம் ஆகாதவளாக இருக்க வேணும். படித்து முடியும் வரைக்கும் கட்டவும் கூடாது. அதற்கு விதானையாரின் கடிதம் வேணும்.

"காணியில ஒரு பிடி மண் போகாது அப்பா. மதராசுக் கதையை விடுங்கோ" என்றார் மச்சாள். மாமாவும் நானும் விதானையாரிடம் போனோம்.

"ஏலாது" என்றார் விதானையார்.

"ஏன் ஐயா? பிள்ளைக்குக் கலியாணம் ஆகேல்லைத்தானே?" என்றார் மாமா.

"ஆகப் போகுதே. மாப்பிள்ளையையே கையோட கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். நான் கண்ணால கண்டதைத்தான் எழுதுவன். மோதிரம் போட்டதைக் கண்டனான். பாயசமும் குடிச்சனான். இடையில நீங்கள் தாலியைக் கட்டினா என்ர உத்தியோகம் போகும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"பேச்சை முறிச்சுப்போட்டு வாங்கோ. முறிச்ச காரணத்தையும் சொல்லவேணும். காரணம் இல்லாம முறிஞ்சது எண்டா ஊர் நம்பாது. நானும் நம்பமாட்டன்."

விண்ணப்பம் போக ஒரு கிழமைதான் இருந்தது. அன்று பின்னேரம் எங்கள் குசினியில் கூடினோம். அம்மா, மாமா, மச்சாள், நான்.

"பெட்டையில பிழை சொன்னா அவளின்ர கதை முடிஞ்சுது. பெடியனிலதான் சொல்லவேணும்" என்றார் மாமா.

"என்ர மகனில என்ன பிழை?" என்றார் அம்மா.

"அதுதான் அக்கா தேடவேணும். குடிக்கிறான் எண்டு சொல்லுவமோ?"

"கள்ளு மணத்துக்கே சத்தி எடுக்கிறவன். ஆர் நம்புவினம்?"

"சூது?"

"மச்சானுக்குச் சீட்டில ராசா எது, ராணி எது எண்டே தெரியாது" என்றார் மச்சாள்.

"தீராத நோய், வருத்தக்காரன் எண்டு சொன்னா?"

"அப்ப இவன்ர தம்பிமாருக்கு ஆர் பொம்பிளை தருவினம்?"

"சோம்பேறி?"

"அது எல்லாருக்கும் தெரியும். புதுசா ஒண்டு வேணும்" என்றார் அம்மா. எனக்காகப் பேச வந்தவர்.

பிறகு மச்சாள் சொன்னார்: "மூதூரில மச்சானுக்கு ஒரு பொம்பிளை இருக்குது எண்டு சொல்லுங்கோ. ஒவ்வொரு நாளும் லாஞ்சில அங்க போறார்தானே. பேர் ஒண்டும் தேவையில்லை. ஆர் கடலைத் தாண்டிப் போய்ப் பாக்கிறது?"

அம்மா அவரைப் பார்த்தார். "எவ்வளவு கெதியா வருகுதடி உனக்கு!"

"எனக்கு விருப்பமில்லை" என்றேன்.

"மூண்டு வருசந்தான் மச்சான்."

மோதிரத்தைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தார். அப்போது மட்டும் அவர் முகம் சரியில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஓம் என்றேன்.

அடுத்த நாள் மாமா விதானையாரிடம் விசயத்தைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் விதானையார். "நானே கண்டனான்."

"என்ன கண்டீங்கள் ஐயா?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே அறிய வேண்டும் போல இருந்தது.

"கண்டனான்" என்றார். கடிதத்தை எழுதி உடனே சீல் குத்திக் கொடுத்தார்.

மச்சாளுக்கு இடம் கிடைத்தது. ரயிலில் ஏற்றிவிட்டோம். காணி அப்படியே இருந்தது. என் பேர்தான் போனது.

கோயிலில் பெண்கள் எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். மூதூர்ச் சனமே லாஞ்சில் ஏறி, "எங்கட ஊரில ஆரப்பா அது?" என்று கேட்டது. லாஞ்ச் ஓட்டிய அண்ணை நல்ல மனுசன். மூதூர்த் துறையில் தினமும் பத்து நிமிசம் கூடுதலாக நிற்பார். "போய்ப் பாத்திட்டு வா. நான் நிப்பன்" என்பார். வேண்டாம் என்று சொல்ல ஏலாது. போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். மூன்று வருசம் குடித்தேன். கொஞ்சம் நேரத்தோடு வந்துவிட்டால், "என்ன, சண்டையோ?" என்று கேட்பார்.

மச்சாள் படித்து முடித்துத் திருகோணமலைக்கே வேலைக்கு வந்தார். வந்த கிழமையே அம்மாவிடம் போய், "மாமி, அந்த மோதிரத்தைத் தாங்கோ" என்றார்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. விதானையார் வீடு தேடி வந்தார். "பிள்ளை, நீ அரசாங்க நேர்ஸ். இவனைப் பற்றித் தெரிஞ்சும் கட்டப் போறியே?"

"நான் திருத்தி எடுப்பன் ஐயா" என்றார் மச்சாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கலியாணம் நடந்தது. விதானையார் என் காதுக்குள், "இனி அந்தப் பக்கம் பார்க்காதே" என்று புத்தி சொன்னார். லாஞ்ச் வேலை, எப்படிப் பார்க்காமல் இருப்பது?

அன்றிலிருந்து மச்சாளின் பொறுமையைப் பற்றி ஊரில் ஒரே கதை. மச்சாள் மறுக்கவில்லை. தலையை மெல்ல ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். "உண்மையைச் சொல்லுவமே" என்று கேட்டேன். "விதானையார் பாவம். பொய்க்கு எழுதிக் குடுத்தனான் எண்டு அறிஞ்சா மனுசன் தாங்க மாட்டார்" என்றார். விதானையார் காலமானார். மறுபடியும் கேட்டேன். "இப்ப சொன்னா என்னை ஆர் மதிப்பினம்?" என்றார்.

வேலையில் மச்சாள் கண்டிப்பு. சூறாவளி அடித்த கிழமை வீட்டுக்கே வரவில்லை. சாப்பாடு கொண்டுபோன என்னையும் பிடித்து வார்ட்டில் வாளி தூக்க வைத்தார். மற்றவர்கள் தொடப் பயந்த நோயாளிகளைத் தானே குளிப்பாட்டினார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். விற்காத காணியில் வீடு கட்டினார். என்னோடு கோபித்தால் மட்டும், "போங்கோ, மூதூருக்கே போங்கோ" என்பார்.

கடைசியில் சிறுநீரக வருத்தம். தான் வேலை செய்த வார்ட்டிலேயே படுத்தார். ஊசி போட வந்த பிள்ளைக்கு, ஊசி பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுத்தார். கடைசிக்கு முதல் நாள், "மூண்டு வருசம் எண்டு சொல்லிப்போட்டு இவ்வளவு காலம் சுமக்க வச்சிட்டன், என்ன?" என்றார். "பரவாயில்லை" என்றேன்.

செத்த வீட்டில் பெண்கள், "இந்த மனுசனோட என்ன பொறுமையாய் இருந்தவ" என்று சொல்லி அழுதார்கள். இன்று முப்பத்தோராம் நாள். இனி எழுதலாம் என்று நினைக்கிறேன். மூதூரில் எனக்கு ஒருத்தியும் இருந்ததில்லை. மச்சாள் பொறுமைசாலியும் இல்லை. கெட்டிக்காரி.

வைத்தியம் பார்த்த டொக்டர்மாருக்கும், கூட வேலை செய்த நேர்ஸ்மாருக்கும், பந்தல் போட்ட அயலவருக்கும், சமைத்துத் தந்த உறவினருக்கும் நன்றி சொல்கிறேன்.

மூதூரிலிருந்து முதல் லாஞ்சில் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, "எங்கட நேர்ஸ் மிஸி போயிட்டாவே" என்று அழுத முஸ்லிம் உம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் உள்ளே வந்ததும் செத்த வீட்டில் அழுகை நின்றுபோனது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர் மகனின் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஏன் என்று அந்த இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. மகனுக்குச் சின்ன வயதில் நெருப்புக் காய்ச்சல். பிழைக்காது என்ற பிள்ளையைப் பதினெட்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மச்சாள். அதுதான் உறவு.

அந்த மூதூர்த் தம்பிக்கு ஒரு சொல். உங்கள் மூக்கு உங்கள் வாப்பாவின் மூக்கேதான். நான் அவரை லாஞ்சில் கண்டிருக்கிறேன்.