நாலாவது லேனில் உடைத்த பூசணிக்காய்

நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பல ஆண்டுகள் மாநில சாம்பியனாக இருந்தவள் நான். இப்போது வேலூரில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கோச். "எது மேடம் ரொம்பக் கஷ்டம், ஸ்டார்ட்டா, டர்னா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை. விழாக் கமிட்டிதான்.

நான் போட்டிகளில் நீந்திக்கொண்டிருந்த காலம். அன்று விளையாட்டு கோட்டாவில் ரயில்வே வேலைக்கான செலக்‌ஷன். எங்கள் பக்கம் புதிதாகக் கட்டிய குளத்தில் போட்டி. முதலாவதாக வந்தால் மட்டும் போதாது. அவர்கள் கேட்ட டைமிங்குக்குள் நீந்தினால்தான் வேலை. ஆம்பூர் தோல் ஷாப்பில், தோல் பதனிடும் ஈரத்தில் நின்று நின்றே அப்பாவுக்குக் கால் புண்ணாகியிருந்தது. என் சம்பளம் வந்தால்தான் அவர் வீட்டில் உட்கார முடியும்.

வார்ம்-அப் முடித்து வந்தால் சீஃப் கெஸ்டைக் காணோம். ஈர உடையோடு நடுங்கிக்கொண்டு நின்றோம். ஒருவழியாக வந்தவர் எனக்குச் சால்வை போர்த்தினார். அதற்குள் விழாக் கமிட்டி செக்ரட்டரி, புதுக் குளத்துக்குத் திருஷ்டி கழிக்கிறேன் என்று பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். எங்கே? நான் ஏறி நின்று குதிக்கவேண்டிய ஸ்டார்ட்டிங் பிளாக் மேலேயே. குங்குமமும் விதையுமாக வழிந்தது.

"இன்னா சார் இது, இங்கியா ஒடைப்பாங்க? கால் வச்சா வழுக்கி உட்ரும்."

"எல்லார் கண்ணும் ஒம்மேலதானம்மா? ஒனக்காவத்தான் நாலாவது லேன்ல ஒடச்சேன்."

பிளாக்கில் ஏறச் சொல்லி ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். சால்வையை உருவிப் பிளாக்கைத் துடைத்தேன். பாலியஸ்டர். ஒரு சொட்டைக்கூட உறிஞ்சாமல் குங்குமத்தை நன்றாகப் பூசிவிட்டது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சீஃப் கெஸ்ட் பாத்துனுகீறாரும்மா, மானம் போவுது," என்றார் செக்ரட்டரி பல்லைக் கடித்தபடி.

"வேல போனா நீங்களா சார் குடுப்பீங்க?"

என் துண்டை நனைத்து, மண்டியிட்டு, கால் விரல் வழுக்காமல் பிடிக்கிறவரை தேய்த்தேன். ரெஃப்ரி நல்ல மனிதர், காத்திருந்தார்.

டைமிங் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அப்பா ஷாப் வேலையிலிருந்து நின்றுகொண்டார். பேப்பரில் வந்தது மட்டும் நான் மண்டியிட்டுத் துடைக்கிற படம்.

பிள்ளைகளே, உங்கள் பிளாக்கை நீங்களே காலால் தேய்த்துப் பார்க்காமல் ஏறாதீர்கள். நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களிடம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஜாக்கிரதையாக இருங்கள்.

போன மாதம் அதே செக்ரட்டரி எனக்குப் பாராட்டு விழா என்று அழைக்க வந்தார்.

"சால்வ இன்னா கலர்ல வாங்கட்டும்மா?"

"கலர் எதுனா இருக்கட்டும் சார். காட்டன்ல வாங்குங்க. நல்லா தொடைக்கும்."