நொந்தது ஜவுபருக்கு

ஜவுபரைப் பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள், கடற்கரையில் அடித்தார்கள், கடைசியில் சொந்த வீட்டு வளவில் தென்னையில் கட்டி அடித்தார்கள். எல்லா இடத்திலும் காரணம் ஒன்றுதான். அவனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காது.

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் அவன் வளவு எங்கள் வளவுக்கு அடுத்தது. தாய் பாத்தும்மா விதவை. இடியப்பம் அவித்து விற்றாள். அவளுக்கு மூத்தவளான நான், அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்கா, ஆஸ்பத்திரியில் அற்றண்டன் வேலை பார்த்தேன். உப்பு வாங்க அனுப்பினால் ஜவுபர் பாதி வழியில், சைக்கிள் திருத்துகிறவனைப் பார்த்தபடி நிற்பான். பதினேழு வயதில் கழுத்திலும் தோளிலும் நோவு தொடங்கியது. இருபத்திரண்டிலும் விடவில்லை. எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் பஞ்சிதான், வெறும் சோம்பல்தான் என்று ஊர் சொன்னது.

ஒரு வேலையில் மனதை நிறுத்த அவன் உடம்பு முழுவதையும் இறுக்கினான். பல்லைக் கடிப்பான், தோள் காதுவரை ஏறும். மாலையில் கழுத்து கல்லாகிவிடும். நொந்தால் கவனம் இன்னும் சிதறும். கவனம் நிலைக்காத இளவயதினர் பலருக்குத் தீராத நோவும் சேர்ந்திருக்கிறது என்று வைத்தியர்கள் இப்போது சொல்கிறார்கள். அன்று அதற்கு எங்களிடம் இருந்த பெயர் ஜின், உடம்பில் ஏறும் ஆவி.

எழுபத்தெட்டில் பெரிய சூறாவளி அடித்த மறுவருடம் அவன் கரைவலை இழுக்கப் போனான். இரண்டு பக்கக் கயிறும் ஒரே இழுப்பில் வர வேண்டும். அன்று பாரை மீன் நிறைந்த வலை கரைக்குக் கிட்ட வந்தபோது ஜவுபரின் கை கயிற்றை விட்டது. அந்தப் பக்கம் தளர்ந்து மீனெல்லாம் போயிற்று.

"டேய், கயித்தப் புடிக்கச் சொன்னா கப்பலயா பாக்காய்? எங்கட புள்ளையள்ற சோறுடா அது!" என்று வலைக்காரர்களின் தலைவன், தண்டயல் முகம்மது தம்பி, துடுப்பால் அடித்தான்.

"புடிச்சுத்தான் இருந்தன் காக்கா. கை எப்ப விட்டதெண்டு தெரியல்ல," என்று அண்ணனிடம் போலக் கெஞ்சினான் ஜவுபர்.

அதற்கும் அடி விழுந்தது. மற்றவர்கள் காலால் மிதித்தார்கள். வாயில் மணலோடு வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஜின் ஏறியிருக்கிறது, பக்கீரைக் கூப்பிடு என்றார்கள்.

பக்கீர் ஓதிப்பார்த்து ஜின் விரட்டுகிறவன். ஜின் ஏறிய உடம்பில் விழும் அடி ஜின்னுக்குத்தான் நோகும், ஆளுக்கு நோகாது என்பது அவன் சொல். ஊரும் அதை நம்பியது. அதனால்தான் அவன் வந்து ஜவுபரைத் தென்னையில் கட்டிப் பிரம்பால் அடித்ததைப் பெற்றவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேலை முடிந்து வந்தபோது பிரம்பு நார் நாராகக் கிழிந்திருந்தது.

"உம்மா, நோகுது உம்மா!"

"கேட்டயாகா? கதைக்கிறது உன்ட மகனில்ல," என்றான் பக்கீர். கத்தக் கத்த ஓங்கி அடித்தான்.

ஜவுபரின் இடுப்புச் சாரம் நனைந்திருந்தது. சிறுநீரில் இரத்தம். தலை தொங்கத் தொடங்கியிருந்தது. பாத்தும்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம் அடிச்சா மையத்துத்தான் கிடைக்கும். நிப்பாட்டு."

"அவனுக்கு நோகாதாம் ராத்தா."

"உனக்குள்ள ஜின் இல்லதானே? நீ போய்க் குறுக்க நில்லு."

"நாச்சியா, ஊசி குத்துற வேலைய ஆஸ்பத்திரியில வெச்சுக்க," என்று பக்கீர் என் பக்கம் திரும்பாமலே பிரம்பை ஓங்கினான். பாத்தும்மா கையை நீட்டினாள். அடி மணிக்கட்டில் விழுந்தது. தோல் பிளந்து இரத்தம் முழங்கைவரை ஓடியது. அவள் அதைப் பார்த்தாள், மகனின் முதுகைப் பார்த்தாள். குசினிக்குள் போனாள்.

இடியப்ப உரலோடு திரும்பி வந்தாள். பலா மரத்தில் கடைந்த, மாவு பிழிகிற கனத்த உரல். பக்கீரின் வாயில் அடித்தாள். முன்பற்கள் மணலில் விழுந்தன. அவன் விழுந்த பிறகும் அடித்தாள். நான்தான் இழுத்துப் பிடித்தேன்.

முதலில் ஜவுபருக்கு மருந்து கட்டினேன், பிறகு அவளுக்கு, கடைசியில் பக்கீருக்கு.

"நோகுது, நோகுது," என்று முனகினான் பக்கீர்.

"ஆருக்கு?" என்று கேட்டாள் பாத்தும்மா.

அதன் பிறகு ஜவுபரை யாரும் தொடவில்லை; உரலுக்குப் பயம். சைக்கிளில் பெட்டி கட்டிச் சம்மாந்துறைப் பக்கம் மீன் விற்றான். ஓடித் திரிகிற வேலை அவனுக்கு ஒத்துவந்தது. சில்லறையை எண்ணாமல் கொடுத்துவிட்டு வருவான், அது மாறவில்லை. நோவும் போகவில்லை. மோசமான நாட்களில், "உம்மா, இண்டைக்கு ஏலாது," என்பான்.

"படு மனே," என்பாள் அவள்.