தானாக வாசித்த பியானோவின் சொந்தக்காரர்கள்

ஒரு விடுகதை. கை இல்லை, வாசிக்கும். நெஞ்சு இல்லை, மூச்சு விடும். கண் இல்லை, காகிதம் படிக்கும். அது என்ன?

விடை: தானாக வாசிக்கும் பியானோ. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது என் தொழில். அதில் கம்பியை முறுக்கும் நேரம் கொஞ்சம், வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் நேரம்தான் அதிகம். வீடு வீடாகப் போய் ரேடியோவோ தையல் மிஷினோ பழுது பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிப்போய் நான் பார்த்த பியானோக்களில் இந்த வகை ஒன்றே ஒன்று. சீமையில் யாரோ பெரிய கலைஞர் வாசித்ததைக் காகிதச் சுருளில் துளைகளாகப் பதித்திருப்பார்கள். சுருள் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் ஓடும். சட்டத்திலும் வரிசையாகத் துளைகள். காகிதத் துளை வந்து சேரும் இடத்தில் காற்றுப் புகும், அதற்குரிய கட்டை தானே அமுங்கும். அவர் மெல்லத் தொட்ட இடத்தில் மெல்ல, ஓங்கி அடித்த இடத்தில் ஓங்கி.

வண்டியில் வந்தது

முதல் சொந்தக்காரர் நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே துரை. அவர் ஊர் திரும்பியபோது, திருவாரூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அதை வாங்கினார், புது மனைவி பவானிக்காக. கால்களைக் கழற்றி, வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் ஏற்றினோம். வாய்க்கால் மதகில் வண்டி ஏறி இறங்கியபோது உள்ளே கம்பிகள் எல்லாம் சேர்ந்து முனகின. வீட்டு வாசலில் இறக்கி வைத்த பண்ணையாள் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நெல்லு மூட்டை பேசாம வருங்க. இது தூக்குறப்பவே அழுவுதுங்க."

சந்தனம்

பவானி அம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. சுருளை ஓடவிட்டு, கட்டைகளின் மேல் விரல்களை லேசாக வைத்துக்கொள்வார். கட்டை அமுங்கும்போது விரலும் கூடவே இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அவரே வாசிப்பதுபோல இருக்கும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஏழு கட்டைகள் ஊமையாகிவிட்டனவாம். போய்த் திறந்து பார்த்தேன். பித்தளைச் சட்டத்தின் நடுவில் அழகாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. ஏழு துளைகளும் அடைத்துக் காய்ந்துபோயிருந்தன. ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க அரைநாள் ஆனது. "அடுத்த வருஷம் மூடி மேல வச்சிடுங்கம்மா" என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "முதுகுலயா மாஸ்டர் பொட்டு வைப்பாங்க?"

அறுப்பு நின்ற வருஷம்

கூலி உயர்வு கேட்டு ஊரில் அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். கதிர் முற்றி வயலில் சாய்ந்து கிடந்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று பேச்சு. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தேன். கொடி நட்டு உட்கார்ந்திருந்தவர்கள் வழியை மறிக்கவில்லை. அவர்களில் அஞ்சலை என்ற நடவுக்காரப் பெண்மணி மட்டும் என் கருவிப்பையைப் பார்த்துக் கேட்டார்: "ஆளு இல்லாம வாசிக்கிற பொட்டிக்கா போறீங்க? ஆளு இல்லாம அறுக்குற மிஷினும் வருதாம். அதுக்கும் நீங்கதான் வருவீங்களா?"

நான் சொன்ன பொய்

ஆட்சி மாறியது. பிறகு நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டமும் வந்தது. மிராசுதார் நிலத்தை உறவுக்காரர்கள் பெயரில் எழுதிவைத்தார். எழுதி வாங்கியவர்கள் அதைத் தங்களுடையது என்றே நம்பத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் பவானி அம்மாள் காமாலையில் இறந்துபோனார். மகள் மல்லிகாவுக்கு அப்போது எட்டு வயது.

காரியம் முடிந்த மாதம் போயிருந்தேன். மல்லிகா அம்மாவைப் போலவே விரல்களைக் கட்டைகள் மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுருள் ஓடிக்கொண்டிருந்தது. "ட்யூனர் மாமா, இது அம்மா வாசிச்சதுதானே?" என்றாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு முடியவில்லை. ஆமாம் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். "அப்பாதான் இல்லங்கிறாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

மூன்றாவது சொந்தக்காரர்

வீடும் கைவிட்டுப் போனது. மிராசுதார் தஞ்சாவூரில் இரண்டு அறைகள் வாடகைக்குப் பிடித்தார். அங்கே பியானோ வாசலிலேயே நின்றுவிடும். வேளாங்கண்ணி போகும் வழியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம் அதை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. அங்கே விடுதியும் உண்டு. லாரியோடு வந்திருந்த சிஸ்டர், "பாப்பாவையும் அனுப்புங்களேன், எங்க கிட்டயே தங்கிப் படிக்கட்டும்" என்றார்.

மிராசுதார் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவரை அப்படித் தரையில் நான் பார்த்ததில்லை. "அப்பாகூட வரியா கண்ணு, இல்ல இதுகூடப் போறியா? நீயே சொல்லு. அப்பா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பியானோவின் கடைசிக் காலைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கழற்றி முடித்தேன்.

மல்லிகா பியானோவோடு போவதாகச் சொன்னாள்.