மணல் டீச்சர் பார்த்தது

வாரக்கணக்கா பார்த்துக்கிட்டே இருந்துட்டு என்கிட்ட வாயே திறக்கல அந்தம்மா. எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.

நர்சரியில அவங்களுக்கு மணல் டீச்சர்னு பேரு. நாற்காலியில உட்கார்ந்து யாரும் பார்த்ததில்ல, எப்பவும் பிள்ளைகளோட மணல்குழியிலதான். கல்யாணம் பண்ணிக்கல. அண்ணன் வீட்டுல ஒரு பின்னறை. "ஏம்மா, மணலை வாசல்லயே உதறக் கூடாதா? இது வீடா, கடற்கரையா?"ன்னு அண்ணி தினமும் கத்துவாங்களாம். அதைச் சொல்லி டீச்சரே சிரிப்பாங்க.

நான் டயர் கடைக்காரன். படிப்புன்னா எழுத்தும் எண்ணும், அவ்வளவுதான் தெரியும். என் சின்னவளுக்கு ரெண்டும் தண்ணி பட்ட பாடு. ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பலாமான்னு மத்த டீச்சருங்க மடக்கி மடக்கிக் கேட்டாங்க, புட்டுப் புட்டு வெச்சா. மணல் டீச்சர் மட்டும் தலையாட்டல. அவங்க பார்க்கிறது வேற. எப்படிச் சாப்பிடுது, யார்கூடச் சண்டை போடுது, விழுந்தா யார்கிட்ட ஓடுது. எல்லாம் சேர்ந்ததுதான் பிள்ளைம்பாங்க.

ஒருநாள் சின்னவளைக் கூட்டிப்போகப் போன என்னைக் குழாயடியில நிறுத்தினாங்க.

"அண்ணே, சத்தம் போடாமப் பாருங்க."

சின்னவ வாளியில தண்ணி பிடிச்சுக்கிட்டிருந்தா. வாளி நிரம்பி வழிஞ்சு சட்டையெல்லாம் நனையுது. அவ கண்ணு எங்கேயோ இருக்கு, இமை மட்டும் துடிக்குது. கூப்பிட்டேன். அசையல. அப்புறம் ஒண்ணுமே நடக்காதது மாதிரி குழாயை மூடிட்டு, "அப்பா, எப்ப வந்தே?"ன்னா.

"இது எத்தனை நாளா டீச்சர்?"

"சில வாரமா. விளையாட்டு நடுவுல, சாப்பாட்டு நடுவுல. உட்கார வெச்சுக் கேள்வி கேட்டா வர்றதில்ல."

"வேடிக்கை பார்த்தீங்களா?"

"பகல்கனவோன்னு நினைச்சேன். உறுதியாத் தெரியாமச் சொல்லிட்டா நீங்க தூங்குவீங்களா?"

"இப்ப மட்டும் தூங்கிக் கிழிச்சுருவேனாக்கும்!"

அவங்க முகமும் வெளுத்துத்தான் இருந்துச்சு.

டாக்டர் முன்னால சின்னவ கணீர்னு எழுத்தெல்லாம் ஒப்பிச்சா. அது மட்டும் வரல. "வலிப்புல ஒரு வகையா இருக்கலாம். வர்றப்போ எப்படி இருக்கு?"ன்னார். எனக்குச் சொல்லத் தெரியல. "தண்ணிகிட்ட, ரோட்டுல தனியா விடாதீங்க"ன்னு அனுப்பிட்டார்.

அதுலேர்ந்து வீட்டுல மூச்சு விடவே பயம். பிள்ளை சும்மா சன்னலைப் பார்த்தாலும் ஓடிப்போய் உலுக்குவேன். எது நிஜம், எது சும்மான்னு எனக்கே பிடிபடல. அவ என்னைக் கண்டாலே மிரள ஆரம்பிச்சா.

டீச்சரைக் கடைசியாப் பார்த்தது நர்சரி லீவு விட்ட அன்னிக்கு. வேற ஊர்ப் பள்ளிக்குப் போறாங்க. வாசல்ல நின்னு, சின்னவளை நான் உலுக்குறதைப் பார்த்தாங்க.

"உலுக்காதீங்க அண்ணே. அடுத்த தடவை வந்தா, பக்கத்துலயே நின்னு போன்ல அவ முகத்தை வீடியோ புடிங்க. பேரை ஒரு தடவை கூப்பிடுங்க. திரும்பலன்னாலும் நிறுத்திராதீங்க, அது முடியுற வரைக்கும் புடிங்க. கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க."